அலுமாரியில் கிடக்கும் பழைய றவுட்டருக்கு ஒரு வேலை

கொக்குவிலில் மாமி வீடு பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய தடித்த சுவர்கள். பைபர் றவுட்டர் முன் விறாந்தையில் இருக்க, குசினிப் பக்கம் வைஃபை எட்டிப் பார்ப்பதே இல்லை. இப்படியான வீட்டுக்கு மலிவான ரிப்பீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். பைபருக்கு மாறிய வீடுகளில், டெலிபோன் வயரில் நெற் வந்த காலத்துப் பழைய ஏடிஎஸ்எல் றவுட்டர் ஒன்று சும்மா கிடக்கும். அதை எடுங்கள்; விறாந்தை றவுட்டரோடு வயரால் தொடுத்து, குசினிப் பக்கம் வைஃபை கொடுக்க வைப்போம்.

ரீசெட் ஓட்டைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மற்ற றவுட்டரோடு இன்னும் தொடுக்க வேண்டாம். லப்டொப்பை மட்டும் லான் (LAN) என்று எழுதிய துளையொன்றில் வயரால் இணைத்து, அடிப்புற ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும்.

முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேட்டையும் விறாந்தை றவுட்டரில் உள்ளபடியே போடுங்கள். சனலை மட்டும் மாற்றுங்கள்: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. அப்புறம் இதன் லான் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். முதல் றவுட்டர் 192.168.1.1 என்ற கணக்கில் சொல்கிறேன். அது மற்றக் கருவிகளுக்குப் பங்கிடும் வரிசையில் இந்த 2 இருக்கக் கூடாது; இருந்தால் அங்கே போய் வரிசையை 10இலிருந்து தொடங்க வையுங்கள்.

கடைசியாக, பிரவுசரில் இந்தப் புதிய முகவரியை அடித்து உள்ளே போய் டிஎச்சிபியை நிறுத்துங்கள். இதுதான் உயிர்நாடி. போனுக்கும் டிவிக்கும் முகவரி கொடுப்பது டிஎச்சிபி. வீட்டில் இரண்டு பேர் கொடுக்கத் தொடங்கினால், பழைய றவுட்டரிடம் முகவரி வாங்கிய போன் அதையே இணையத்துக்கு வழி என்று நம்பி நிற்கும். "வைஃபை இருக்கு, நெற் இல்லை" என்று வீட்டில் குரல் கேட்பது அதனால்தான்.

சரி, இனி வயர். முதல் றவுட்டரின் லான் துளையிலிருந்து இதன் லான் துளைக்கு. வான் (WAN) என்று எழுதிய துளை இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் குத்தினால் இந்த றவுட்டர் தனி வலையொன்றை உருவாக்கும், விறாந்தைப் பிரிண்டர் குசினிப் பக்க லப்டொப்புக்குத் தெரியாது. டெலிபோன் வயர் போகும் சின்னத் துளையும் வெறுமையாகவே இருக்கட்டும். மிச்ச லான் துளைகளிலும் நெற் வரும், டிவியைக் குத்தலாம். பழைய றவுட்டர்களில் இந்தத் துளைகளின் வேகம் அநேகமாக 100 எம்பிபிஎஸ்தான். படம் பார்க்க அது தாராளம்.

றவுட்டர்களைத் தொடுக்கும் கட்-5இ (Cat5e) நெற்வேக் வயர் 100 மீற்றர் வரை போகும். ஆனால் முற்றத்துக்குக் குறுக்கே வெளியில் தொங்கவிடாதீர்கள். ஐப்பசி இடி மின்னலில் இரண்டு றவுட்டரின் துளைகளும் சேர்ந்து எரியலாம். கூரைக்கு உள்ளால், சுவரோரமாகவே கொண்டு போங்கள்.

புதிய முகவரியை ஒரு துண்டில் எழுதிப் பழைய றவுட்டரின் அடியில் ஒட்டுங்கள். ஸ்டிக்கரில் அச்சிட்ட 192.168.1.1ஐ அடித்தால் இனி விறாந்தை றவுட்டர்தான் திறக்கும்.