அம்பாசிடர் 1489 சிசி இன்ஜினுக்கு எந்த அளவு கார்பரேட்டர்?

ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் என் பெட்ரோல் அம்பாசிடர் இரண்டாவது கியரில் திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி அமுங்கிப்போய், பிறகுதான் இழுக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 6-க்கு இறங்கியிருந்தது. "பெருசா போட்டா இழுவை பிச்சுக்கும் சார்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைப் பெரிதாக மாட்டியிருந்தேன். வினை அதுதான்.

கார்பரேட்டருக்குள் இடுப்புபோல் குறுகும் இடம் வெஞ்சூரி. அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில்தான் பெட்ரோல் ஜெட் எனும் நுண்துளை வழியே ஏறிப் பொடியாகச் சிதறும். வெஞ்சூரி பெரிதானால் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) உறிஞ்சல் போதாது; பெட்ரோல் சிதறாமல் துளியாகவே போகும். ஊருக்குள் ஓட்டும் வண்டி பெரும்பாலும் 3000-க்குக் கீழேதான் சுற்றுகிறது. ஆகவே இரண்டு அளவுக்கு நடுவே குழப்பம் வந்தால் சிறியதை எடுங்கள்.

படி 1: கணக்கு

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1489 ÷ 4 = 372 சிசி. அதிகபட்ச சக்தி கிடைக்கும் வேகம் சுமார் 4200 ஆர்பிஎம். இரண்டையும் ஆயிரத்தால் வகுத்துப் பெருக்குங்கள்: 0.372 × 4.2 = 1.56. இதன் வர்க்கமூலம் 1.25. அதை 20-ஆல் பெருக்கினால் 25 மி.மீ. வெஞ்சூரி. நான்கு சிலிண்டர்களும் மாறி மாறித்தான் உறிஞ்சுகின்றன. அதனால் ஒரே கார்பரேட்டர் என்றாலும் ஒரு சிலிண்டர் கணக்கே போதும்.

ஆசையில் 6000 ஆர்பிஎம் என்று போட்டால் 30 மி.மீ. வரும். இந்த இன்ஜின் அவ்வளவு சுற்றுவதற்கானதல்ல.

படி 2: எதை அளப்பது

இங்கேதான் எனக்கு மூன்று வாரம் போனது. சோலெக்ஸ், வெபர் கார்பரேட்டர்களின் பெயரில் வரும் 32, 34 போன்ற எண் அடியில் உள்ள த்ரோட்டில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) துளையின் விட்டம். வெஞ்சூரியின் அளவல்ல. வெபர் 32/36 டிஜிவி-யை எடுத்தால், வெஞ்சூரிகள் 26-ம் 27-ம்தான். என் கணக்கில் 25 வந்தது, கையில் இருந்ததில் 34 என்று இருந்தது. எதை எதோடு ஒப்பிடுவது என்றே புரியவில்லை.

சிலவற்றில் வெஞ்சூரி மீதே எண் இருக்கும். இல்லாவிட்டால் அளக்க வேண்டும். வெர்னியரின் தாடை குறுகிய இடம்வரை எட்டாது. வாயில் அளந்தால் தப்பான எண்தான் வரும். லேத் பட்டறையில் 25, 26 முதல் 30 வரை பித்தளைத் துண்டுகள் கடைந்து வாங்கிக்கொண்டேன். 29 தொட்டுக்கொண்டு இறங்கியது, 30 மேலேயே நின்றது. அப்போதுதான் என் வெஞ்சூரி 29 என்று தெரிந்தது. டிஜிட்டல் வெர்னியரைவிட இந்தத் துண்டுகளையே நம்புகிறேன்.

படி 3: ஜெட்

வெஞ்சூரியை மாற்றினால் மெயின் ஜெட்டும் (பெட்ரோல் வரும் முக்கிய ஜெட்) மாற வேண்டும். சோலெக்ஸில் வெஞ்சூரி அளவை 5-ஆல் பெருக்கித் தொடங்கலாம்: 25-க்கு 125. பிறகு பிளக்கின் நிறம் பார்த்து ஏற்றி இறக்குங்கள். அடைத்த ஜெட்டில் கம்பியை விடவே கூடாது, காற்றடித்தால் போதும்.

படி 4: ஏற்றத்தில் சோதனை

மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் கேஜ் மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி முடியும்போது கேஜ் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காட்டினால் கார்பரேட்டர் சிறிது. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் பெரிது. என் வண்டியில் முதலில் முள் அசையவே இல்லை. 25 மி.மீ. போட்டபின் ஒரு அங்குலம் காட்டியது. மைலேஜும் 9-க்குத் திரும்பியது.

பின்சேர்க்கை: எஸ்யு நிறுவனக் கார்பரேட்டருக்கும் இதே கணக்கா என்று இருவர் கேட்டார்கள். இல்லை. அதில் காற்றின் தேவைக்கேற்ப பிஸ்டன் ஏறி இறங்கி வெஞ்சூரியைத் தானே மாற்றிக்கொள்ளும். அதன் மாடல்களில் எச்எஸ்2 என்றால் துளை ஒன்றேகால் அங்குலம், எச்எஸ்4 என்றால் ஒன்றரை. உங்கள் அம்பாசிடரில் நல்ல நிலையில் எச்எஸ்2 இருந்தால் கழற்றாதீர்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிடப் பொறுமையான கார்பரேட்டர் இல்லை.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாகப் போட்டும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) சீராக நிற்கவில்லை. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வைக்கும் கேஸ்கெட்டின் ஓட்டை மேனிஃபோல்ட் துளையைவிடச் சிறியதாக இருந்து, ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டும் முன் கேஸ்கெட்டைத் துளைமீது வைத்து விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.