டெங்கு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் திருப்பூர்ப் பக்கம் கொசுப்புழு ஒழிப்புக்குப் புதுப் பிள்ளைகள் சேருவார்கள். பழைய டயர், கொட்டாங்குச்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வருடா வருடம் மாறாமல் நடக்கும் தவறுகள் வேறு.

சாக்கடையையே சுற்றுவது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது நல்ல தண்ணீரை. வீட்டுக்குள் பாருங்கள்.

டிரம்மைத் தேய்க்காமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. குழாயில் நல்ல தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறைதான் வரும். வீட்டுக்கு இரண்டு டிரம்மாவது நிற்கும். புழுவைக் கண்டதும் கவிழ்த்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில். கரித்தூள் சிந்தியதுபோல் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி டிரம் நிறைந்ததும் பொரிந்து, எட்டுப் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும்.

ஒரு லைன் வீட்டில் வயதான அம்மா என்னை நிறுத்தினார். "ஏனுங்க, போன வாரந்தானுங்க உங்க பசங்க கொட்டிக் கவுத்துட்டுப் போனாங்க. மறுக்கா புழு நெளியுது. என்ற தண்ணிதானுங்க வீணாப் போச்சு." காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் அது. அந்த மாதமே அவர் பேத்திக்கு டெங்கு. அப்புறம் அந்த லைனில் ஒருவரும் எங்களை உள்ளே விடவில்லை.

தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு விளிம்புவரை தேயுங்கள். கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். மறுபடி நிரப்பியதும் வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொட்ட முடியாத பெரிய தொட்டிக்குப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து.

புகையை நம்புவது

அது முட்டையையும் புழுவையும் தொடாது.

காய்ச்சல்காரரை வலையில்லாமல் படுக்க வைப்பது

முதல் நாலைந்து நாள் அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். பகலில் கடிக்கும் ஏடிஸ் அதை உறிஞ்சினால், 8 முதல் 12 நாளில் வைரஸ் பெருகி அதன் உமிழ்நீருக்கு வந்துவிடும். பிறகு சாகும்வரை அந்தக் கொசு நோயைப் பரப்பும். ஆகவே பகலிலும் வலை கட்டுங்கள்.

காய்ச்சல் விட்டதும் பனியன் கம்பெனிக்குக் கிளம்புவது

ஆபத்து அப்போதுதான். பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அந்த நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், நிலைகொள்ளாத தவிப்பு என எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போடுவது

ஆஸ்பிரின், இபுபுரூஃபன் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.