எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் வெண்டை: ரகத் தேர்வில் இறங்குவோருக்கான செய்முறை

வெண்டையில் இனக்கலப்புச் செய்யக் கற்றுக்கொள்வது எளிது. பூ பெரியது, விதைத்த நாற்பது, நாற்பத்தைந்து நாட்களில் பூக்கத் தொடங்குகிறது, ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகளைக் கண்டுவிடலாம். ஆடிப்பட்டத்தில் கணுவுக்குக் கணு காய்த்த செடியின் வழி வந்தவை, தைப்பட்டத்து வெயிலிலும் வெள்ளை ஈக்களின் பெருக்கத்திலும் அப்படியே காய்க்குமா என்று அறிவதுதான் கடினம். ஆகவே இந்த விளக்கத்தில் தேர்வு பற்றிய பகுதிக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பக்கூடிய இரண்டு ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, கீழ்க்கணுவிலிருந்தே காய்க்கத் தொடங்கி, கணுக்களிடையே நெருக்கமும் மிகுதியான காய்களும் கொண்டதாக இருக்கட்டும். மற்றொன்று வறட்சியையோ மஞ்சள் நரம்புத் தேமல் நோயையோ தாங்குவதாக இருக்கட்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் செடியைப் பெற்றோராக வைத்தால் அதன் குணங்கள் ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிடும் (வழிவந்த செடிகள் ஒன்றுபோல் இருக்காது) என்பதால், தொடங்குபவர்களுக்கு நிலைபெற்ற ரகங்களே ஏற்றவை.

நோய் எதிர்ப்பை இரண்டாம் இடத்தில் வைக்க வேண்டாம். வெள்ளை ஈ பரப்பும் இத்தேமல் நோய் இளஞ்செடியைத் தாக்கினால் விளைச்சல் பெருமளவு போய்விடும். மேற்கு வங்கத்திலிருந்து கிடைத்த, நோய்க்குறி காட்டாத ஒரு வகையைப் பூசா மக்மலி என்ற ரகத்தோடு கலந்து டெல்லியில் உருவாக்கிய பூசா சவானி பல ஆண்டுகள் நாடெங்கும் பயிரானது. பின்னாளில் அதன் தாங்கும் திறன் குறைந்துபோயிற்று. அதன் பிறகே இனவிருத்தியாளர்கள் காட்டு உறவினங்களை நாடினர். பர்பானி கிராந்தி, பெங்களூரின் அர்கா அனாமிகா ஆகியவை அப்படிப் பிறந்தவை. அவற்றைப் பெற்றோராகக் கொள்ளும் முன், உங்கள் வட்டாரத்தில் அவை இன்றும் நோயைத் தாங்குகின்றனவா என்று ஒரு பட்டம் விதைத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: கலப்பு

மறுநாள் காலையில் மலரப்போகும் மொட்டை முதல்நாள் மாலையே அடையாளம் காணுங்கள்: அது பருத்து, இதழின் வெளிர்மஞ்சள் நுனியைக் காட்டத் தொடங்கியிருக்கும். புல்லிவட்டத்தின் அடியைச் சுற்றிக் கூரிய பிளேடால் மெல்லக் கீறி, அதை இதழ்களோடு சேர்த்து உருவிவிடுங்கள். சூல்தண்டைச் சுற்றியுள்ள குழலில் மகரந்தப்பைகள் ஒட்டியிருக்கும். நடுவிலுள்ள சூல்தண்டு முறியாமல், இடுக்கியால் அவை அனைத்தையும் சுரண்டி நீக்குங்கள். ஒரே ஒரு மகரந்தப்பை எஞ்சினாலும் கலப்பு ஐயத்துக்குரியதாகிவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. முடிந்ததும் காகித உறையால் மூடுங்கள். தந்தைச் செடியின் மொட்டுக்கும் அதே மாலை உறையிட்டால் தேனீக்கள் வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து கலக்காது.

மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், தந்தைப் பூவைப் பறித்து இதழ்களை மடக்கி, அதன் மகரந்தத்தைத் தாய்ப்பூவின் கருஞ்சிவப்பான சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி தேயுங்கள். மீண்டும் உறையிட்டு, பெற்றோரின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டைக் காம்பில் கட்டுங்கள். சில நாட்களில் உறையை அகற்றலாம். காய் முற்றி உலர ஒரு மாதத்துக்குச் சற்று மேலாகும்.

பச்சைக் காய்த் தாயோடு சிவப்புக் காய்த் தந்தையைக் கலந்தால் ஒரு நன்மை உண்டு. முதல் தலைமுறைச் செடியின் தண்டிலும் காயிலும் செம்மை தெரிந்தால் கலப்பு வென்றது. முற்றிலும் பச்சையாக இருந்தால் அது தாயின் சொந்த மகரந்தத்தில் பிறந்தது.

மூன்றாம் படி: இரண்டாம் தலைமுறை

முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றுபோலவே இருக்கும்; அங்கே தேர்வுக்கு வேலையில்லை. அவற்றின் மொட்டு நுனியை மாலையில் நூலால் கட்டிவிட்டால் பூ திறவாமல் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அந்த விதையிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரியும். இடம் உள்ளவரை மிகுதியாக, இருநூறு செடிகளுக்குக் குறையாமல், 60 செ.மீ. வரிசை இடைவெளியும் 30 செ.மீ. செடி இடைவெளியும் விட்டு விதையுங்கள்.

ஒரு செடியிலேயே விளைச்சலையும் அளந்து விதையும் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கீழ்க்கணுவில் ஒரு காயை முற்றவிட்டால் மேலே காய்ப்பு தளர்ந்துவிடும். எனவே தொடக்கக் காய்களை இளசாகப் பறித்து எண்ணியும் எடைபோட்டும் பதிந்துகொண்டு, மேல்கணுக்களில் நூல் கட்டிய இரண்டு மூன்று பூக்களை மட்டும் விதைக்கு விடுங்கள். தேமல் கண்ட செடிகளை, அவை எவ்வளவு காய்த்தாலும் விலக்குங்கள்.

நான்காம் படி: பல சூழல்களில் குடும்பங்களை ஒப்பிடுதல்

தனிச்செடியின் காய்ப்பில் உரமும் ஈரமும் இடவசதியும் கலந்திருப்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. தேர்ந்த செடி ஒவ்வொன்றின் விதையையும் தனிக் குடும்பமாக, மூன்று சூழல்களிலாவது விதையுங்கள்: ஆடிப்பட்டத்தில் நிறைபாசனம், தைப்பட்டத்தில் பாசனம், மானாவாரி அல்லது குறைநீர் நிலம். ஒவ்வொரு சூழலிலும் குடும்பங்களின் வரிசையைக் குலுக்கிப் போட்டு, இரண்டு முறையாவது திரும்ப விதைப்பதோடு, நீங்கள் வழக்கமாகப் பயிரிடும் ரகத்தையும் ஒப்பீட்டுக்கு நடுவே வையுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: மேற்சொன்ன மூன்று சூழல்களின் வரிசையில், செடிக்குச் சராசரிக் காய்கள் முதல் குடும்பத்தில் 26, 12, 7, இரண்டாவதில் 20, 16, 12, வழக்க ரகத்தில் 18, 13, 11. ஆடிப்பட்டத்தை மட்டும் பார்த்தால் முதல் குடும்பமே வெல்லும். மூன்றையும் சேர்த்தால் அதன் சராசரி 15, இரண்டாவதன் சராசரி 16, வழக்க ரகத்தின் சராசரி 14. மானாவாரியில் முதல் குடும்பம் வழக்க ரகத்தையும் எட்டவில்லை. நான் இரண்டாவதையே வைத்துக்கொள்வேன். பாசனம் உறுதியாக உள்ள நிலத்துக்கு மட்டும் முதல் குடும்பத்தைத் தனியே வளர்ப்பதும் தகும்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்பினால், எபர்ஹார்ட், ரஸ்ஸல் என்ற பயிர் ஆய்வாளர்கள் 1966-இல் முன்வைத்த முறையின் எளிய வடிவம் உதவும். ஒவ்வொரு சூழலிலும் எல்லாக் குடும்பங்களின் சராசரியைக் கிடைக்கோட்டிலும், ஒரு குடும்பத்தின் விளைச்சலைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்துக் கோடு வரையுங்கள். அக்கோட்டின் சரிவு ஒன்றை விட மிகக் கூடுதலானால் அது நல்ல நிலத்தில் மட்டும் துள்ளும் குடும்பம். சராசரி உயர்ந்தும், சரிவு ஒன்றையொட்டியும், புள்ளிகள் கோட்டை விட்டு விலகாமலும் இருப்பதே நாம் தேடுவது.

ஐந்தாம் படி: நிலைப்படுத்தல்

தேர்ந்த குடும்பங்களில் ஒவ்வொரு தலைமுறையிலும் மொட்டுக்கு நூல் கட்டி விதையெடுத்து, இதே ஒப்பீட்டைத் தொடருங்கள். ஆறாம் தலைமுறை வாக்கில் செடிகளின் உயரமும் காயின் வடிவமும் ஒன்றுபட்டிருக்கும். அதன் பிறகு விதைப் பெருக்கத்துக்கு நூல் தேவையில்லை. ஆனால் வெண்டையில் பூச்சிகளால் அயல் மகரந்தம் சேரும் என்பதால் வேறு வெண்டை வயலிலிருந்து 200 மீட்டராவது தள்ளி விதையுங்கள். முற்றிய காய்களைப் பிளந்து, விதையை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத கலத்தில் குடும்ப எண்ணும் பட்டமும் எழுதி மூடுங்கள். ஒரு பங்கை, உங்களுடையதிலிருந்து மாறுபட்ட மண்ணில் பயிரிடும் ஒருவரிடம், அவர் வழக்கமாக விதைக்கும் ரகத்தின் அருகிலேயே விதைத்துப் பார்க்கக் கொடுங்கள்.