போர் கொழாய வெச்சு 3டி வெக்டர் கத்துக்கலாம் வாங்க

மெஷின் பட்டறைக்கு புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்க நெறைய பேரு வெக்டர்னு (எவ்ளோ தூரம், எந்தத் தெசைன்னு ரெண்டையும் சேத்து சொல்றது) சொன்னதும் "ப்ளஸ் ஒன்ல படிச்சதுங்ணா, மறந்துபோச்சு"ங்கறாங்க, பேப்பர்ல ரெண்டு அச்சு வரைக்கும் நல்லாத்தான் போடுறாங்க, மூணாவது அச்சு வந்துச்சுன்னா கை நின்னுருது. பேப்பர்ல ஆழம் தெரியாதுங்க, அதான் காரணம். ஆனா கோயமுத்தூர், அவிநாசி, பல்லடம்னு எந்தப் பக்கம் போனாலும் ஆழம்னா என்னன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும், தோட்டத்துக்கு தோட்டம் போர் இருக்குதுல்லீங்களா. அதையே எடுத்துக்கலாம்.

மொதல்ல ஒரு ஜீரோ வேணும். தோட்டத்துச் சாளையோட ஈசானி மூலைல ஒரு முளை அடிச்சாச்சுன்னு வெச்சுக்கங்க, அதுதான் (0, 0, 0). அங்கிருந்து கெழக்க போனா எக்ஸ், வடக்க போனா ஒய், மேல போனா இசட். மேக்க, தெக்க, கீழ போனா மைனஸ். வலது கை வெரலுகள கெழக்கிருந்து வடக்க மடக்குனா கட்டவெரலு மேல நிக்கும், அச்சு சரியா வெச்சிருக்கமான்னு இப்படித்தான் பாக்கறது.

போர் எங்க இருக்குதுன்னா முளைல இருந்து 300 அடி கெழக்க, 400 அடி வடக்க, ஆழம் 1200 அடி. அப்ப போரோட அடிமட்டம் (300, 400, -1200). இந்த மூணு நம்பரும் சேந்து ஒரே ஒரு வெக்டருங்க. ஸ்கூல் புக்குல இதையே 300ஐ + 400ஜே - 1200கே னு எழுதுவாங்க, அந்த ஐ, ஜே, கே எழுத்து வந்தது ஹாமில்டன்ங்கற அயர்லாந்து கணக்கு மேதைகிட்ட இருந்து, 1843 அக்டோபர் 16ல டப்ளின்ல கால்வாய் ஓரமா நடந்து போறப்ப மனசுல வந்த சூத்திரத்த அங்கிருந்த பாலத்துக் கல்லுலயே செதுக்குனவரு. எனக்கு ரொம்ப புடிச்ச கதைங்க இது.

இப்ப பெருக்கல். போர்ல எறக்குற ஜிஐ பைப்பு ஒண்ணு 20 அடி. ஒரு பைப்பு எறக்குனா (0, 0, -20). 60 பைப்பு மாட்டி எறக்குனா 60 × (0, 0, -20) = (0, 0, -1200). அவ்ளோதான், வெளிய இருக்குற நம்பர் உள்ள இருக்குற மூணையும் பெருக்கும், ஒண்ணையும் விடக்கூடாது. தெச மாறல, நீளம் மட்டும் 60 மடங்கு ஆச்சு. மோட்டார் ரிப்பேருன்னு பைப்ப திருப்பி மேல எடுக்கறமில்லீங்களா, அது -1 ஆல பெருக்கறது, (0, 0, 1200), நீளம் அதேதான், தெச நேர் எதிர்.

கூட்டல் இதவிட சுலபம், ஆனா தப்பு வர்றதும் இங்கதான். எக்ஸ எக்ஸோட, ஒய்ய ஒய்யோட, இசட்ட இசட்டோட கூட்டுங்க, மூணு அச்சுக்கும் கணக்கு தனித்தனி. முளைல இருந்து போர் வாய் வரைக்கும் நடக்கறது (300, 400, 0), வாயில இருந்து கீழ (0, 0, -1200). கூட்டுனா (300, 400, -1200), மேல எழுதுனதே வந்துருச்சு பாருங்க.

சரி, நீளம் என்ன? நடந்தது 500 அடி, ஏன்னா 300 வர்க்கமும் 400 வர்க்கமும் சேத்தா 2,50,000, அதோட வர்க்கமூலம் 500. எறங்குனது 1200 அடி. உடனே 1700னு சொல்லிருவாங்க, பத்துல எட்டு பேரு சொல்றது இதுதான்னு நெனைக்கறேன். சாளைல இருந்து போர் அடிக்கு மண்ணுக்குள்ள நேரா ஒரு கயிறு கட்டுனா எவ்ளோ கயிறு வேணும்? 500 வர்க்கம் + 1200 வர்க்கம் = 16,90,000, வர்க்கமூலம் 1300 அடிதான். வெக்டரத்தான் கூட்டலாம், நீளத்த கூட்டக்கூடாது. ரெண்டும் ஒரே தெசைல இருந்தா மட்டும் நீளமும் கூடும், 60 பைப்பு கூடுன மாதிரி.

இனி மெஷினுக்கு வாங்க. விஎம்சில (ப்ரோக்ராம்ல இருக்குற நம்பர் பாத்து தானா வெட்டுற மெஷின்) மெஷின் ஜீரோ ஒண்ணு, ஜாப்போட, அதாவது வெட்டப்போற உருப்படியோட ஜீரோ வேற ஒண்ணு. மெஷின் ஜீரோல இருந்து ஜாப் ஜீரோ எங்க இருக்குதுன்னு பதிஞ்சு வெக்கற எடம் ஜி54, அதுல (-320, -180, -410) இருக்குதுன்னு வைங்க, ப்ரோக்ராம்ல பாயிண்ட் (25, 10, -5). மெஷின் கணக்குல அது (-295, -170, -415), நேரா வெக்டர் கூட்டல், டூல் நீளத்துக்கு தனியா இன்னொரு கூட்டல் இருக்குது, அத இப்ப விட்டுருங்க. டிராயிங் இஞ்சுல வந்தா 25.4 ஆல பெருக்கணும்: (1, 2, 0.5) இஞ்சு (25.4, 50.8, 12.7) மில்லிமீட்டர் ஆயிரும். பெருக்கி முடிச்சப்புறந்தான் கூட்டணும், இஞ்சையும் மில்லியையும் ஒரே கூட்டல்ல போட்டா வர்ற நம்பருக்கு அர்த்தமே கெடையாது.

ப்ளஸ், மைனஸ் சைன்ல ரொம்ப கவனமா இருங்க தம்பிங்களா. நான் சேந்த புதுசுல கட்டர் மேல வெலக (0, 0, 10) போட வேண்டிய எடத்துல (0, 0, -10) போட்டுட்டேன், கார்பைடு கட்டர் உடைஞ்சு ஜாப்பும் போச்சு, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுல இருந்து இசட் லைன எழுதுன ஒடனே, மேலயா கீழயான்னு வாய்விட்டு சொல்லிப் பாத்துட்டுத்தான் அடுத்த லைனுக்கு போறேன்.

கழித்தல்னு தனியா ஒண்ணுமில்ல, -1 ஆல பெருக்கி கூட்டறதுதான். இத போட்டுப் பாருங்க: முளைல இருந்து 60 அடி மேக்க, 25 அடி வடக்க, 40 அடி ஒசரமா ஒரு தென்னமரம். போர் அடில இருந்து தென்ன உச்சிக்கு வெக்டர் என்ன? உச்சி (-60, 25, 40), போர் அடிய -1 ஆல பெருக்குனா (-300, -400, 1200), கூட்டுனா (-360, -375, 1240), நீளம் சுமார் 1344.6 அடி. உங்களுக்கு எக்ஸ் -240னு வந்திருந்தா, -60ல இருந்து 300 கழிக்கறதுக்கு பதிலா 300ல இருந்து 60 கழிச்சு மைனஸ் போட்டிருக்கீங்க, அந்த எடத்த மறுக்கா பாருங்க.