பிரிஞ்சு வாங்கன்னு வசனம் காட்டினா அதை எப்படி சோதிச்சுப் பாக்குறது

"பிரிந்துபோங்கன்னு பைபிள்லயே இருக்கே பிரதர்"னு ஒருத்தர் வசனத்தை நீட்டினதும் நிறைய விசுவாசிகள் வாயடைச்சுப் போயிடறாங்க, ஏன்னா அந்த வார்த்தை நிஜமாவே அங்க இருக்கு. ஆனா யாரை விட்டுப் பிரியச் சொல்லியிருக்குன்னு அந்த அதிகாரத்தை முழுசா படிச்சாதான் தெரியும். சபையை விட்டு வெளிய வரணுமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கீங்கன்னா, முடிவெடுக்குறதுக்கு முன்னாடி பைபிளைத் திறந்து வெச்சுக்கிட்டு இதைச் செஞ்சு பாருங்க.

முதல்ல வசனத்துக்கு மேலயும் கீழயும் படிங்க. அதிகமா காட்டுறது 2 கொரிந்தியர் 6:17தான். 14ஆம் வசனத்துல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா அங்க எதிர்ப்பக்கம் நிக்கிறது அவிசுவாசி, விக்கிரகம், பேலியாள் (சாத்தானுக்கு இன்னொரு பேர்). இயேசுவை ஆண்டவர்னு அறிக்கை பண்ற இன்னொரு சபைக்காரர் அந்தப் பத்தியில எங்கயுமே இல்ல. அடுத்தது லூக்கா 12:51, சமாதானத்தை இல்ல பிரிவினையைத்தான் உண்டாக்க வந்தேன்னு இயேசு சொல்றது. அதுக்கு அடுத்த ரெண்டு வசனமும் ஒரே வீட்ல இருக்குற அஞ்சு பேரைப் பத்தி, அப்பா மகன், அம்மா மக, மாமியா மருமக. அவரைப் பின்பற்றுறதால சொந்த வீட்டுக்குள்ளயே எதிர்ப்பு வரும்ங்கிறார், அவரைப் பின்பற்றுற ரெண்டு கூட்டம் ஒண்ணை ஒண்ணு ஒதுக்கலாம்னு அதுல அர்த்தம் வராது. பாபிலோனை விட்டு வெளிய வாங்கன்னு சொல்ற வெளிப்படுத்தின விசேஷம் 18:4ஐ வெச்சு பிடிக்காத சபையை எல்லாம் பாபிலோன்னு சொல்றவங்களுக்கு அந்த அதிகாரத்துல வர்ற ராஜாக்களையும் கப்பல்காரங்களையும் வியாபாரிகளையும் காட்டுங்க, அது ஒரு சபையோட வர்ணனை மாதிரி இருக்கான்னு அவங்களே சொல்லட்டும்.

கொஞ்சம் கஷ்டமான வசனம் 1 கொரிந்தியர் 11:19. மார்க்கபேதங்கள், அதாவது பிரிவினைகள், உங்களுக்குள்ள உண்டாயிருக்க வேண்டியதேன்னு பவுலே எழுதியிருக்கார், தனியா எடுத்தா பிரிவினைக்கு சர்டிபிகேட் கொடுத்த மாதிரிதான் தெரியும். ஆனா 17ல இருந்து 22 வரைக்கும் ஒரே மூச்சுல படிங்க. கர்த்தருடைய ராப்போஜனத்துக்கு (இயேசுவை நினைச்சு அப்பமும் ரசமும் பகிர்ற பந்திக்கு) வந்த இடத்துல அவனவன் தன் சாப்பாட்டை முந்திக்கிட்டு சாப்பிடுறான், ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் குடிச்சு வெறியா இருக்கான், இல்லாதவங்களை வெக்கப்படுத்துறீங்களான்னு கேக்குறார். உங்களைப் புகழ மாட்டேன்னு ரெண்டு தடவை சொல்றார். அந்தப் பிரிவினையில யார் உத்தமன்னு வெளிய தெரிஞ்சிடும்னு சொல்றவர் அதைப் போய் செய்யுங்கன்னு சொல்லவே இல்ல.

அடுத்து, பிரச்சனை எந்த வகைன்னு பிரிச்சுப் பாருங்க. கிறிஸ்துவையே மறுக்குற உபதேசம்னா விட்டுக்கொடுக்க இடமே இல்ல, கலாத்தியர் 1:8உம் 2 யோவான் 7 முதல் 10 வரைக்கும் அதைத்தான் பேசுது. மனந்திரும்ப மறுக்குற வெளிப்படையான பாவம்னா 1 கொரிந்தியர் 5. சாப்பாடு, நாள் மாதிரி விஷயம்னா ரோமர் 14, அங்க "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?"னு நேரடியாவே கேள்வி இருக்கு. ஞானஸ்நானம் எப்படி கொடுக்குறது, அந்நியபாஷை மாதிரி விஷயங்களை எதுல சேக்குறதுன்னு உண்மையா தேடுறவங்களுக்குள்ளயே கருத்து வித்தியாசம் இருக்கு, அதை நான் இங்க தீர்க்கப் போறதில்ல. ஆனா நாம சண்டை போடுறதுல பெரும்பங்கு முதல் வகையில சேராதுன்னு உறுதியா சொல்வேன். 1529ல ஜெர்மனியில மார்பர்க்ல சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் உக்காந்து பேசி 15 உபதேசக் குறிப்புல 14ல ஒத்துக்கிட்டாங்க, ராப்போஜனத்துல கிறிஸ்துவோட சரீரம் எப்படி இருக்குங்கிற கடைசிக் குறிப்புல முழுசா ஒத்துவரல, அதோட ரெண்டு பக்கமும் தனித்தனியா போயிடுச்சு. எனக்கு அதை படிக்கிறப்பல்லாம் அந்த 14தான் மனசை உறுத்தும்.

மூணாவதா, கூப்பிடுறவர் யாருன்னு பாருங்க. ரோமர் 16:17 விலகச் சொல்றது, கத்துக்கிட்ட உபதேசத்துக்கு விரோதமா பிரிவினை உண்டாக்குறவங்களை விட்டு. 3 யோவான்ல வர்ற தியோத்திரேப்பு முதன்மையா இருக்க விரும்புறவன், சகோதரர்களை ஏத்துக்க மாட்டான், ஏத்துக்குறவங்களையும் சபைக்குப் புறம்பா தள்ளுவான். நம்மகூட சேராதவங்களோட பேசினாலே குத்தம்னு சொல்ற தலைவர் இருந்தா இந்தச் சின்ன நிருபத்தை அவசியம் படிங்க.

கொரிந்து சபையோட நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. தகப்பன் மனைவியை வெச்சிருக்குறவன், கோர்ட்டுக்குப் போற சகோதரர்கள், உயிர்த்தெழுதலே இல்லைன்னு சொல்ற சிலர், எல்லாம் ஒரே சபைக்குள்ள. அந்த ஒருத்தனை நீக்கச் சொல்றார் பவுல், ஆனா நல்லவங்க எல்லாம் தனியா ரெண்டாவது சபை ஆரம்பிங்கன்னு ஒரு வரி கிடையாது. வெளிப்படுத்தின விசேஷம் 3ல வர்ற சர்தை சபை உயிருள்ளதுன்னு பேர் மட்டும் கொண்ட செத்த சபை, அங்க வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத சிலருக்கும் வெளிய போன்னு கட்டளை இல்ல. பேதுரு அந்தியோகியாவுல புறஜாதிக்காரங்களோட (யூதர் அல்லாத விசுவாசிகளோட) சாப்பிடுறதை விட்டு விலகினப்ப பவுல் முகத்துக்கு நேரா எதிர்த்தாரே, அங்க அவர் கண்டிச்ச குத்தமே அந்தப் பிரிஞ்சு உக்காந்ததுதான்.

இதை எல்லாம் சொல்றதால அநியாயத்தைப் பொறுத்துக்கிட்டு கிடங்கன்னு அர்த்தமில்ல. ஒற்றுமை வசனத்தைக் காட்டி ஒரு பாஸ்டரோட துர்நடத்தையை மூடுறவங்களும் இருக்காங்க, அதுவும் வசனத்தை வளைக்கிறதுதான். ரெண்டு மூணு சாட்சி இருந்தா மூப்பர் மேலயும் குற்றச்சாட்டை எடுத்துக்கணும், பாவம் செஞ்சவங்களை எல்லார் முன்னாடியும் கண்டிக்கணும்னு 1 தீமோத்தேயு 5:19-20ல இருக்கு. உங்களுக்கோ பிள்ளைங்களுக்கோ ஆபத்துன்னா முதல்ல அந்த இடத்தை விட்டு வாங்க, போலீஸுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

ஆபத்து இல்லாத மத்த விஷயத்துல மத்தேயு 18:15ல இருந்து வரிசையா போங்க. தனியா போய் பேசினீங்களா? ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனீங்களா? இது நடக்காம வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு வெளிய வர்றது அந்த அதிகாரத்துல எங்கயும் இல்ல. விலகி நிக்கிற நிலைமை வந்தா கூட 2 தெசலோனிக்கேயர் 3:15 அவனை சத்துருவா எண்ணாம சகோதரனா எண்ணி புத்தி சொல்லச் சொல்லுது.

ஊழியப் பயணத்துக்கு மாற்குங்கிறவரைக் கூட்டிட்டுப் போறதுல பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்தோட பிரிஞ்சாங்க, அதை லூக்கா மறைக்காம அப்போஸ்தலர் 15ல எழுதியிருக்கார். ஆனா பவுல் பர்னபாவோட ஊழியத்தைத் தப்புன்னு எங்கயும் எழுதல, 2 தீமோத்தேயு 4:11ல அந்த மாற்கையே கூட்டிட்டு வா, எனக்குப் பிரயோஜனமானவன்னு கேக்குறார். அதனால வெளிய வந்தே ஆகணும்னா, பழைய சபையைப் பத்தி புது இடத்துல சாட்சி சொல்றேன்னு மேடை ஏறாதீங்க, அவங்க வீட்டு துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் போங்க, ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடுங்க. பிரிஞ்சு பல வருஷம் ஆயிட்டவங்க, அந்தப் பக்கத்துல ஒருத்தருக்கு இந்த வாரம் போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேளுங்க, உபதேசம் பேச வேணாம்.