மூக்கு நுனியில் டோம் தையல் போடுவது எப்படி

எனக்கு உதவியாக நிற்கும் இளம் டாக்டர்கள் பலர், மூக்கு நுனியை ஒடுக்கும் ஆபரேஷன் என்றதும் கத்தரியைத்தான் கேட்கிறார்கள். நான் நூலை எடுக்கச் சொல்வேன். என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்தவர். வெட்டிக் கெட்டுப்போன வெள்ளியை அவர் திரும்ப உருக்கிக்கொள்ளலாம். குருத்தெலும்பை உருக்க முடியாது.

அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு துவாரங்களுக்கு நடுவே உள்ள தூணில், ஒடுங்கிய இடத்தில், தலைகீழ் வி போலக் கீறித் தோலைத் தூக்கினால் குருத்தெலும்பு வளைந்து திரும்பும் இடம் தெரியும். அதுதான் டோம்.

அந்தக் குருத்தெலும்பின் மேல் விளிம்பில் கொஞ்சம் எடுக்கலாம். ஆனால் அளவுகோல் வைத்து, குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலம் மிச்சம் விடுங்கள். ஏற்காட்டிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு வேறொரு இடத்தில் அதிகமாக வெட்டியிருந்தார்கள். மேடு ஏறி மூச்சை இழுத்தாலே மூக்கின் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். காதுக் குருத்தெலும்பை எடுத்து வைத்துத்தான் சரிசெய்தோம். அவர் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, தையலுக்கு வருவோம். டோமுக்கு அடியில், உள்தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே கொஞ்சம் மரப்பு மருந்து ஏற்றுங்கள். இரண்டும் பிரிந்து, ஊசி போக இடம் கிடைக்கும். 5-0 பிடிஎஸ் என்ற, மெல்லக் கரையும் மெல்லிய நூல் போதும். மூக்கின் நடுக்கோட்டுப் பக்கமிருந்து கன்னத்துப் பக்கம் போய்த் திரும்பி வாருங்கள். முடிச்சு நடுக்கோட்டுப் பக்கம் விழ வேண்டும். பிறகு துவாரத்துக்குள் எட்டிப் பாருங்கள். நூல் தெரிந்தால் உள்தோல் துளைபட்டிருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

முடிச்சை மெதுவாக இறுக்குங்கள். டோம் ஒடுங்கும்போது பக்கவாட்டுக் குருத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருங்கள். அது குழிந்தால் இறுக்கம் கூடிவிட்டது, இம்மியளவு தளர்த்துங்கள். அடுத்த பக்கமும் இப்படியே. அப்புறம் இரண்டு டோமையும் சேர்த்து ஒரு தையல்; ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. ஒட்டினால் நுனி கிள்ளி வைத்தது போல ஆகிவிடும்.

நம் ஊரில் தடித்த தோல் நிறையப் பார்க்கிறோம். அங்கே குருத்தெலும்பை வெட்டினாலும் வெளியே ஒன்றும் தெரியாது, அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். நடுச்சுவரிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தூணுக்குள் நிறுத்துங்கள். எடுக்கும்போது மேலேயும் முன்னேயும் 1 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மூக்கே உட்கார்ந்துவிடும். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடமாவது ஆகும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முடிச்சுக்குப் பிறகும் தோலை இறக்கி, நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். மனசுக்கு ஒப்பவில்லையா, நூலை வெட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.