மழைக்கால ஃபார்வர்டுகளை அலசப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி

செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை மொட்டைமாடியில் உட்காரவைத்து, கைபேசிக்கு வரும் செய்திகளை அலசுகிறோம். நீங்களும் உங்கள் தெருவில் செய்யலாம்.

'எது பொய், கண்டுபிடி' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எல்லாமே பொய் என்று சொல்லிவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவார்கள். நான் இரண்டு முதலைகளிலிருந்து ஆரம்பிப்பேன். 2015 வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவியது வதந்தி, பண்ணையே மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர்ப் பக்கம் முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ வந்தது. அதையும் கட்டுக்கதை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு, சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு என்று விளக்கம் கொடுத்தார். இரண்டையும் சொல்லிவிட்டு, "இதைத் தெரிந்துகொள்ளும் இடத்தில் இருப்பவர் யார்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் தாங்களே பண்ணை, வனத்துறை என்று வந்து நிற்பார்கள்.

அடுத்து ஏரி. மழை வலுத்தால் "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்க, எங்க மாமா பி.டபிள்யூ.டி-ல இருக்கார்" என்று ஒரு குரல் பதிவு வந்தே தீரும். மாமாவை விட்டுவிட்டு எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். விநாடிக்கு எத்தனை கன அடி? எத்தனை மணிக்கு? ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி. சில நூறு கன அடி திறப்பது வேறு சங்கதி. குடிநீர் வாரிய இணையதளத்தில் ஏரிகளின் அன்றாட அளவு இருக்கிறது. பிள்ளைகளே எடுத்துப் பார்க்கட்டும்.

பள்ளி விடுமுறை அறிவிப்பில் எனக்குப் பிடித்த சோதனை, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பழைய அறிவிப்பில் தேதியை மாற்றுகிறவர்கள் கிழமையை மறந்துவிடுவதுண்டு. பொருந்தினாலும் சரி, மாவட்ட ஆட்சியரின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

படத்துக்கு கூகுள் லென்ஸ் போதும். வீடியோ என்றால் நிறுத்தி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். கடைப் பலகையில் தமிழ் எழுத்துகள் கோணலாகக் குழம்பிக் கிடந்தால் ஏஐ படமாக இருக்கலாம். எழுத்து சுத்தமாக இருப்பதால் மட்டும் படம் நிஜமாகிவிடாது.

இதெல்லாம் பாதிதான். பிள்ளைகளைச் செய்தி எழுதவைத்தால்தான் உறைக்கும். மழை விட்டதும் வாசலில் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள் (தண்ணீரில் இறங்க வேண்டாம், மின்பெட்டிப் பக்கம் போகவே கூடாது). கீழே தெரு, குறுக்குத் தெரு, தேதி, நேரம். 'கழுத்தளவு' என்று எழுத விடாதீர்கள். பைக்கின் சைலன்சர் மூழ்கியதா, ஆட்டோ சீட்டைத் தொட்டதா என்று எழுதட்டும். கண்ணால் பார்த்தது ஒரு வரி, கேள்விப்பட்டது தனி வரி. யார் முகமும் வண்டி நம்பரும் படத்தில் வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் 'வேளச்சேரி மூழ்கியது' என்று தலைப்பு வைத்தான். "வேளச்சேரியில்தானே விஜயநகர் பஸ் ஸ்டாண்டும் இருக்கு, அதைப் பார்த்தாயா?" என்றேன். முறைத்தபடியே 'எங்கள் தெரு முனையில் முழங்கால் தண்ணீர், மாலை 4.10' என்று மாற்றினான். முதல் தலைப்புக்குத்தான் லைக் கிடைக்கும் என்று வாதாடினான். அதுவும் உண்மைதான், என்ன செய்ய! தண்ணீர் வடிந்ததும், அந்தச் செய்தியைப் போட்ட அதே குழுவில், நேரம் போட்டு, 'வடிந்துவிட்டது' என்று அவனையே எழுதச் சொன்னேன்.

வீட்டுப் பெரியவர்கள் தவறாக அனுப்பினால் குடும்பக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். சண்டைதான் மிஞ்சும். தனியாக, "பெரியப்பா, இது 2015 படம் மாதிரி இருக்கு, லிங்க் அனுப்புறேன், பாருங்க" என்று எழுதினால் பெரும்பாலும் அவரே அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்.